அரஷியாமாவுக்கு இரண்டு மணி நேரம் போதுமாம்!

“அரஷியாமாவா? ஒன்றுமில்லை சார். ஒரு மூங்கில் தோப்பு, ஒரு பாலம். இரண்டு மணி நேரம் போதும். அதுவே ஜாஸ்தி.”

ஜப்பான் சுற்றுலா போய் வந்த நண்பர்கள் மூவர் என்னிடம் இதே வாசகத்தைச் சொல்லிவிட்டார்கள். மூவரும் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு நிறுவனங்கள் மூலம் போனவர்கள். மூவர் கைப்பேசியிலும் ஒரே படம். இரண்டு பக்கமும் உயர்ந்த மூங்கில், நடுவே ஒரு பாதை, பாதை முழுக்க மனிதத் தலைகள். மூன்றாவது முறையும் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரஷியாமாவுக்கு இரண்டு மணி நேரத்துக்குப் போவதாக இருந்தால், போகாமலே இருங்கள். அதனால் உங்களுக்கும் நல்லது, அந்த ஊர்க்காரர்களுக்கும் நல்லது.

அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு புரட்டியவன் நான். எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் எழுதிவிட்டு, அதன் கீழே பதில் குறிப்பு எழுதுவது கைப்பழக்கம். அதே வரிசையில் போகிறேன்.

“அழகுதான், ஆனால் வெறும் இயற்கைக் காட்சிதானே?”

இதுதான் முதல் ஆட்சேபணை. மலை இருக்கிறது, ஆறு ஓடுகிறது, மரம் நிற்கிறது. ஒருமுறை கண்ணால் பார்த்தால் பார்த்ததுதானே, மேலே என்ன இருக்கிறது என்கிறார்கள்.

அரஷியாமா கியோத்தோ நகரின் மேற்கு விளிம்பில் இருக்கிறது. கியோத்தோ நிலையத்திலிருந்து ரயிலில் கால் மணி நேரம். மலை இடுக்கில் நெளிந்து வரும் ஆறு சமவெளியில் கால் வைக்கும் இடம் அது. அந்த ஒரே ஆற்றுக்கு மூன்று பெயர்கள். மேலே மலைக்குள் ஹோஸு, கீழே போனால் கட்சுரா, நடுவில் அரஷியாமாவில் மட்டும் ஓய். இந்த ‘ஓய்’ என்ற பெயருக்குப் ‘பெரிய அணை’ என்று பொருள். சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன்பு, கியோத்தோ தலைநகர் ஆவதற்கும் முன்னால், ஹதா என்ற குலத்தார் இங்கே ஆற்றின் குறுக்கே ஓர் அணைக்கட்டு கட்டி வயல்களுக்குத் தண்ணீர் திருப்பினார்கள். ஆற்றின் பெயரே மனிதன் செய்த வேலையின் பெயர். பாலத்துக்குப் பக்கத்தில் இன்றைக்கும் ஒரு தடுப்பணை இருக்கிறது. அதன் மேல் வழிந்து விழும் தண்ணீரின் ஓசைதான் அந்த ஊரின் சுருதி. இரண்டு மணி நேரக்காரர்கள் அதை ஏதோ இயற்கை அருவி என்று நினைத்துப் படம் பிடித்துப் போகிறார்கள்.

மலைச்சரிவில் வசந்தத்தில் பூக்கும் செர்ரி மரங்கள் தாமாக முளைத்தவை அல்ல. 13ஆம் நூற்றாண்டில் கோ-சாகா என்ற பேரரசர் யோஷினோ மலையிலிருந்து மரங்களைக் கொண்டுவந்து இங்கே நடச் செய்ததாக வரலாறு. அவருடைய மகன் பேரரசர் கமெயாமா, ஓர் இரவு நிலா ஊர்ந்து போவதைப் பார்த்து, அது பாலத்தைக் கடந்து போவதுபோல இருக்கிறது என்றாராம். அதனால்தான் பாலத்துக்குத் ‘தொகெட்சுக்யோ’, நிலா கடக்கும் பாலம் என்று பெயர். இன்றைக்கு நிற்கும் பாலம் 1934-ல் கட்டியது. சுமார் 155 மீட்டர் நீளம். தூண்கள் கான்கிரீட். கைப்பிடி மட்டும் மரம். லாரியும் பேருந்தும் ஓடுகிற பாலம், தூரத்திலிருந்து பார்த்தால் பழைய மரப்பாலம் மாதிரி தெரிய வேண்டும் என்று ஒரு பொதுப்பணித் துறை 1934-லேயே கவலைப்பட்டிருக்கிறது.

தென்ரியூஜி கோயிலும் அப்படித்தான். 1339-ல், ஆட்சியைப் பிடித்த அஷிகாகா தகாவுஜி, தன்னோடு பகைத்துக்கொண்டு இறந்துபோன பேரரசர் கோ-தைகோவின் ஆன்மா சாந்தியடைய இதைத் தொடங்கினார். கட்டப் பணம் போதவில்லை. சீனாவுக்கு ஒரு வணிகக் கப்பலை அனுப்பி, வந்த லாபத்தில் கட்டினார்கள். அதன் தோட்டத்தை அமைத்தவர் முசோ சொசெகி என்ற துறவி. கட்டிடங்கள் பலமுறை தீக்கிரையாகித் திரும்பத் திரும்ப எழுந்தவை, இப்போது இருப்பவை பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும் கட்டியவை. குளமும் பாறைகளும் மட்டும் முசோ காலத்து அமைப்பில் நிற்கின்றன. அந்தத் தோட்டத்தின் தந்திரம், வெளியே இருக்கும் மலையையும் தோட்டத்தின் ஒரு பகுதியாகவே வரைந்துகொண்டது. மலை கோயிலுக்குச் சொந்தமில்லாவிட்டாலும் பார்வைக்குச் சொந்தம்.

இங்கேதான் பழைய அலுவலகக்காரனாகிய எனக்கு ஆர்வம் பிறக்கிறது. பார்வைக்குச் சொந்தமான மலையில் யாராவது எட்டு மாடி ஹோட்டல் கட்டினால்? கட்ட முடியாது. அரஷியாமா 1927-லேயே பாதுகாக்க வேண்டிய வரலாற்று இடமாகவும் எழில் இடமாகவும் அறிவிக்கப்பட்டுவிட்டது. 1966-ல் பழைய தலைநகரங்களைக் காக்க என்றே தனிச் சட்டம் வந்தது. அதன்படி குறிப்பிட்ட பகுதிகளில் கட்டிடம் கட்டவும், மரம் வெட்டவும், மண்ணைத் தோண்டவும் அனுமதி வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டால் நிலத்துக்காரன் நடுத்தெருவில் நிற்க வேண்டியதில்லை. அந்த நிலத்தை அரசே வாங்கிக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. 2007-ல் கியோத்தோ மாநகராட்சி இன்னும் ஒரு படி போய், நகர நடுவில் கட்டிடங்களின் உயர வரம்பை 45 மீட்டரிலிருந்து 31 மீட்டராகக் குறைத்தது. கூரைமேல் விளம்பரப் பலகையே கூடாது என்றது. எத்தனை மனு, எத்தனை ஆட்சேபணை, எத்தனை நிலக்காரரின் சாபம் வந்திருக்கும் என்பது கோப்பு பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2013 செப்டம்பரில் புயல் வந்தது. ஆறு பாலத்தின் மேலேயே ஏறியது, கரையோரத்து விடுதிகளும் கடைகளும் தண்ணீரில் மிதந்தன. வேறு ஊராக இருந்தால் மறுநாளே கரை நெடுக உயரமாக ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பிவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே ஆறும் தெரிய வேண்டும், ஊரும் பிழைக்க வேண்டும். பேசினார்கள், வாதாடினார்கள். ஆற்றுப்படுகையைத் தூர் வாரினார்கள். பாலத்துக்கு மேல்புறம் இடது கரையில், வெள்ளம் வரும்போது மட்டும் எழுப்பி, மற்ற நாளில் மடக்கி வைக்கக்கூடிய தடுப்பு ஒன்றை வைத்தார்கள்.

இதுவா வெறும் இயற்கைக் காட்சி? பதினைந்து நூற்றாண்டாக மனிதர்கள் கட்டி, நட்டு, எரிந்ததைத் திரும்ப எழுப்பி, தங்கள் ஆசைக்குத் தாங்களே கடிவாளம் போட்டு வைத்திருக்கிற ஆற்றங்கரை அது. அதை இரண்டு மணி நேரத்தில் கண்ணால் பார்க்கலாம். காண முடியாது.

“கூட்டம் சார், கூட்டம்! ஊரே கெட்டுப்போச்சு!”

இரண்டாவது ஆட்சேபணை. இதை இரண்டு மணி நேரக்காரர்களே சொல்வதுதான் வேடிக்கை.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வகுப்பில் பியேர் லொத்தி என்ற எழுத்தாளரைத் தவிர்க்க முடியாது. கப்பல் படை அதிகாரியான அவர், நம் புதுச்சேரிக்கும் வந்து, 1903-ல் வெளியான இந்தியப் பயண நூலில் நம் ஊரைப் பற்றியும் எழுதியவர். அவரே 1885-ல் கியோத்தோவுக்குப் போனார். அந்தப் பயணத்தைச் சேர்த்து வெளியிட்ட நூல் 1889-ல் வந்தது. அதில் என்ன புலம்பல் தெரியுமா? வெளிநாட்டார் நுழைய முடியாத புனித நகரமாக இருந்ததாம், இப்போது ரயில் போட்டுவிட்டார்களாம், அதோடு ஊரின் மதிப்பே போய்விட்டதாம். எழுதியவரும் அதே ரயிலில்தான் போய் இறங்கினார்! ஏறக்குறைய 140 ஆண்டுகளாக இந்தப் புலம்பல் மாறவே இல்லை. ‘நான் வந்தேன், மற்றவர்கள் ஏன் வந்தார்கள்?’

கூட்டம் என்பது வானத்திலிருந்து விழுவதில்லை. அது ஒரு கால அட்டவணை. சுற்றுலா நிறுவனங்களின் நிரலை எடுத்துப் பாருங்கள். காலை ஒசாக்கா ஹோட்டலில் சிற்றுண்டி, பதினோரு மணிக்கு அரஷியாமா, ஒரு மணிக்கெல்லாம் வண்டிக்குத் திரும்பிவிட வேண்டும், அதற்குள் எங்கேயோ ஒரு மூலையில் பருப்பும் சப்பாத்தியும். பிற்பகல் பொன் கோயில், மாலை இன்னொன்று. எல்லா நிறுவனமும் ஒரே நேரத்தில், ஒரே தெருவில், சில நூறு மீட்டர் நீளமுள்ள அதே மூங்கில் பாதையில் ஆட்களைக் கொட்டுகின்றன. நெரிசல் வராமல் என்ன செய்யும்?

நானும் என் மனைவியும் ஒரு நவம்பர் மாதம் அங்கே இரண்டு இரவு தங்கினோம். மகள் குடும்பம் ஒசாக்காவில் இருப்பதால் அவளே ஒரு சின்ன விடுதி பார்த்துக் கொடுத்து, கூடவும் வந்தாள். முதல் நாள் விடியற்காலை ஆறரை மணிக்கு மூங்கில் பாதைக்குப் போனோம். நாய் கூட்டி நடந்த ஒரு பெரியவர், சைக்கிளில் போன ஒரு பையன், நாங்கள் மூவர். அவ்வளவுதான். மேலே இலைகள் உரச, தண்டுகள் ஒன்றோடொன்று மோதி ‘டொக், டொக்’ என்றன. மனைவி மெல்லிய குரலில், “ஏங்க, இதுவா அந்தப் படத்துல பார்த்த இடம்?” என்றாள்.

ஜப்பானிய அரசின் சுற்றுச்சூழல் துறை 1996-ல் நாட்டில் காப்பாற்ற வேண்டிய நூறு ஓசைகளைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் போட்டது. சாகானோவின் இந்த மூங்கில் தோப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. கவனியுங்கள், காட்சிக்காக அல்ல, ஓசைக்காக. காதால் அனுபவிக்க வேண்டியது என்று ஓர் அரசாங்கமே எழுதி வைத்த இடத்துக்கு நாம் ஒலிபெருக்கி கட்டிய வழிகாட்டியோடு போகிறோம். போய்விட்டு ‘ஒன்றுமில்லை சார்’ என்கிறோம்.

அவசரக்காரர்களில் சிலர் இன்னொன்றும் செய்கிறார்கள். 2018-ல் மாநகராட்சி பார்த்தபோது சுமார் நூறு மூங்கில்களில் பெயர்களும் எழுத்துகளும் கீறப்பட்டிருந்தன. மூங்கிலின் மேல்தோல் ஒருமுறை கீறினால் ஆறாது, அந்தத் தண்டு உள்ளவரை வடு நிற்கும். ஓர் ஊரில் இரண்டு நாள் தங்கி, அங்கே நாய் கூட்டி நடப்பவருக்கு வணக்கம் சொன்னவன் அந்த ஊரின் மரத்தில் கத்தி வைப்பானா என்று யோசியுங்கள்.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு மூதாட்டி

இரண்டாம் நாள் பிற்பகல் பாலத்துக்கு அருகே பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தோம். ஊன்றுகோலோடு ஒரு பாட்டியம்மா, எண்பது வயதுக்குக் குறையாது, கையில் காய்கறிப் பை. முதல் பேருந்து வந்தது. நிறுத்தத்தில் நின்ற ஒரு பெரிய சுற்றுலாக் கூட்டம் மொத்தமாக ஏறியது, கதவு மூடியது. அடுத்ததும் அப்படியே. பாட்டியம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகள் போய் ஜப்பானிய மொழியில் பேச்சுக் கொடுத்தாள். மருத்துவமனைக்குப் போகும் நாளில் இப்போதெல்லாம் ஒரு மணி நேரம் முன்பாகவே வீட்டிலிருந்து கிளம்புவதாகச் சொன்னாராம். “கோபமே இல்லப்பா அவங்களுக்கு. சிரிச்சுக்கிட்டே சொல்றாங்க” என்றாள் மகள். கோபம் எனக்குத்தான் வந்தது.

நம் வயதுக்காரர்கள் இதைப் படிக்கிறீர்கள். ஓய்வூதியம், முட்டிவலி, மாதம் ஒருமுறை மருத்துவமனை, எல்லாம் நமக்கும் உண்டு. நாம் நூறு ரூபாய் கடைசல் பொம்மை வாங்கப் போகிற வேகத்தில் நம்மைப் போன்ற ஒருத்தியின் இருக்கையைப் பிடித்துக்கொள்கிறோம். அதற்குப் பெயர் சுற்றுலா.

கியோத்தோ மாநகராட்சி பேருந்துக்கான ஒருநாள் பயணச்சீட்டை 2023 செப்டம்பரோடு விற்பதை நிறுத்தியது. சுற்றுலாப் பயணிகளை ரயிலின் பக்கம் திருப்புவதே நோக்கம். விடுதியில் தங்குவோரிடம் 2018 அக்டோபர் முதல் வரி வசூலிக்கிறார்கள், 2026 மார்ச்சிலிருந்து அறை வாடகையைப் பொறுத்து ஆளுக்கு ஓர் இரவுக்கு 200 யென் முதல் 10,000 யென் வரை என்று உயர்த்திவிட்டார்கள். நம் ஆட்கள் ‘கொள்ளை’ என்கிறார்கள். எனக்கு அதில் ஒரே குறைதான். ஒசாக்காவில் தூங்கி, பகலில் வந்து, தெருவை நிறைத்து, கழிப்பறையைப் பயன்படுத்தி, மாலையில் போகிறவர் இந்த வரியில் ஒரு யென் கூடக் கொடுப்பதில்லை. ஊருக்குச் சுமை அவர், செலவு தங்குபவருக்கு. வரவு செலவுக் கணக்கு எழுதிய எவனும் இதை ஒப்பமாட்டான்.

யாரும் போகாத படிகள்

இரண்டு மணி நேரக்காரர்கள் எதை இழக்கிறார்கள் என்று கேட்டால் நான் மூன்று இடங்களைச் சொல்வேன்.

முதலாவது, ரகுஷிஷா. ‘உதிர்ந்த சீமைப்பனிச்சைக் குடில்’ என்று சொல்லலாம். கவிஞர் பாஷோவின் சீடர் கியோராயின் குடிசை. தோட்டத்துப் பழங்களை ஒரு வியாபாரிக்கு விற்பதாகப் பேசி முடித்தாராம், அன்றிரவே காற்றில் அத்தனையும் உதிர்ந்துவிட்டன. நஷ்டத்தையே வீட்டுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்! 1691-ல் பாஷோ இங்கே வந்து இரண்டு வாரத்துக்கு மேல் தங்கி ஒரு நாட்குறிப்பு எழுதினார். பாஷோவுக்கு இரண்டு வாரம் தேவைப்பட்டது. நமக்கு இரண்டு மணி நேரமே ஜாஸ்தி.

இரண்டாவது, மூங்கில் பாதை முடிகிற இடத்தில் இருக்கும் ஒகோச்சி மாளிகைத் தோட்டம். ஒகோச்சி தெஞ்சிரோ, பேசாப் படக் காலத்திலேயே வாள்வீச்சுக்குப் பேர்போன நடிகர், குரோசாவாவின் முதல் படத்திலும் நடித்தவர். நடித்துச் சம்பாதித்ததை எல்லாம் முப்பது ஆண்டுகளாக இந்த மலைச்சரிவுத் தோட்டத்தில் கொட்டினார். கட்டணம் உண்டு என்பதால் கூட்டம் வாசலோடு திரும்பிவிடுகிறது. நுழைவுச்சீட்டோடு பச்சைத் தேநீரும் ஓர் இனிப்பும் தருகிறார்கள். உட்கார்ந்து குடிக்கலாம். முட்டிக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மூன்றாவதைச் சொல்லத்தான் இத்தனை முன்னுரை. சுமினோகுரா ரியோய் என்று ஒரு பெரு வணிகர். மேலே தம்பா பகுதியில் அரிசியும் மரமும் கரியும் கிடைக்கின்றன, கியோத்தோவில் தேவை இருக்கிறது, நடுவே பாறை அடைத்த ஆறு. 1606-ல் அவர் ஆள் திரட்டி, பாறைகளை உடைத்தும் இழுத்தும் நகர்த்தியும் படகு போகும் வழி உண்டாக்கினார். இன்றைக்குச் சுற்றுலாப் பயணிகள் கமெயோகாவிலிருந்து 16 கிலோமீட்டர், சுமார் இரண்டு மணி நேரம், குலுங்கிக் குலுங்கிப் படகில் வருகிறார்களே, அது அந்த வழிதான். அந்தக் காலத்தில் கீழே வந்து சேர்ந்த படகை ஆட்கள் கரையோரமாகக் கயிறு கட்டி மேலே இழுத்துப் போக வேண்டும். இப்போது லாரி ஏற்றிப் போகிறது. ஆபத்து முழுவதும் போய்விடவில்லை. 2023 மார்ச்சில் ஒரு படகு கவிழ்ந்து படகோட்டிகள் இருவர் இறந்தார்கள்.

1606-ல் பாறை உடைத்த வேலையிலும் பலர் செத்தார்கள். அவர்கள் நினைவுக்காக ரியோய், தன் கடைசிக் காலத்தில், ஆற்றின் தென்கரையில் மலைமேல் ஒரு கோயிலை அமைத்துக்கொண்டார். செங்கோஜி என்று பெயர். 1614-ல் அவரும் காலமானார். பாலத்திலிருந்து கரையோடு மேலே ஒரு கிலோமீட்டர் நடந்து, சுமார் 200 படி ஏற வேண்டும். நாங்கள் பத்துப் பத்துப் படியாக, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினோம். உள்ளே ரியோயின் மரச்சிலை. பட்டும் பீதாம்பரமும் இல்லை. சுருட்டி வைத்த வடக்கயிற்றின் மேல், கையில் கல் உடைக்கும் கருவியோடு, கண்ணை உருட்டி விழித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து மண்டபத்தில் நின்றால் கீழே பச்சை நிறத்தில் ஆறு, எதிரே மலை, தூரத்தில் கியோத்தோ நகரம். ஆற்றிலிருந்து படகோட்டியின் குரல் மேலே வருகிறது.

அந்தப் பிற்பகலில் நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் அங்கே வந்தவர்கள் நான்கு பேர். அதே நேரத்தில் எதிர்க்கரை மூங்கில் பாதையில் எள் விழ இடமில்லை. கூட்டம் ஊரைக் கெடுத்துவிட்டது என்கிறவர்களே, ஊரின் பாதி காலியாகக் கிடக்கிறது. நிரலில் இல்லாததால் உங்களுக்குத் தெரியவில்லை. ஆற்றைத் திறக்கச் செத்த கூலியாட்களின் நினைவிடம் நிரலில் எப்படி வரும்? அங்கே போய்ப் படம் எடுத்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

“இந்த வயசுல இன்னொரு தரமா வரப்போறோம்?”

கடைசி ஆட்சேபணை. நியாயமானதும் இதுதான். வாழ்நாளில் ஒரு தடவை ஜப்பான், சேமிப்பில் பெரும் பகுதி போகிறது, எட்டு நாளில் எட்டு ஊர் பார்த்தால்தானே கொடுத்த காசுக்குக் கணக்கு?

நான் திருப்பிக் கேட்கிறேன். இன்னொரு தரம் வரமாட்டோம் என்று தெரிந்தவன் விருந்தை எப்படிச் சாப்பிடுவான்? இலையில் உள்ள இருபது பண்டத்திலும் விரலை வைத்துவிட்டு எழுந்து போவானா? எட்டு ஊர் நிரல் இருபத்தைந்து வயதுக் காலுக்குப் போட்டது. ஐந்தரை மணிக்கு எழுந்து, பெட்டியை வாசலில் வைத்து, வண்டியில் தூங்கி, இறங்கிப் படம் எடுத்து, மறுபடி வண்டியில் தூங்கி வருவதற்கு நாம் மருந்துப் பெட்டியோடு ஏன் ஏழு மணி நேரம், எட்டு மணி நேரம் விமானத்தில் போக வேண்டும்? நம் வயதுக்கு இயல்பாக வருவது நிதானம் ஒன்றுதான். அதைத் தேடி உலகம் பணம் கொடுக்கிறது. கையில் இருப்பதை நாமே தொலைத்துவிட்டு ஓடுகிறோம்.

தங்கினால் செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. வேறு ஓர் ஊரை வெட்டுங்கள். எட்டில் இரண்டை எடுத்துவிட்டால் அந்தப் பயணச் செலவு மிஞ்சும். நிலாவின் பெயர் கொண்ட பாலத்தைப் பகல் பதினொரு மணிக்கு வெயிலில் பார்த்துவிட்டு வருவதைவிட, ஓர் இரவு தங்கிப் பாருங்கள். மாலை ஐந்து மணிக்கெல்லாம் கடைகள் கதவைச் சாத்த ஆரம்பிக்கும். ஆறு மணிக்குத் தெருவில் உள்ளூர்க்காரர்கள் மட்டும் இருப்பார்கள். அப்போதுதான் தடுப்பணையின் ஓசை ஊருக்குள் கேட்கிறது. கோடைக்காலமானால் நீர்க்காகத்தை விட்டு மீன் பிடிக்கும் படகுகள் தீப்பந்தத்தோடு ஆற்றில் இறங்கும்.

ஆகவே ஜப்பான் போகத் திட்டமிடும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள். சுற்றுலா நிறுவனத்தாரிடம் பணம் கட்டும் முன், “அரஷியாமாவில் எத்தனை மணி நேரம்?” என்று கேளுங்கள். இரண்டு என்றால், அதை நீக்கச் சொல்லுங்கள் அல்லது ஓர் இரவாக மாற்றச் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர்கள் சிரிப்பார்கள், நூறு பேர் கேட்டால் நிரலை மாற்றுவார்கள். ரயிலிலோ, 1910 முதல் ஓடும் அந்தச் சின்ன டிராமிலோ போங்கள், பேருந்தை உள்ளூர்ப் பாட்டிகளுக்கு விடுங்கள். மூங்கிலை விடியற்காலையில் கேளுங்கள். செங்கோஜி படிகளை முடிந்தவரை ஏறுங்கள். முடியாவிட்டால் கீழே ஆற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்திருங்கள், அதுவும் போதும்.

இதெல்லாம் முடியாது, நேரமில்லை என்றால் வீட்டிலேயே இருந்து படத்தைப் பாருங்கள். மூங்கில் படம் எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது, நானே அனுப்பி வைக்கிறேன்.

மறுப்பு உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். ஓய்வூதியக்காரனுக்குப் பதில் எழுத நேரம் நிறைய இருக்கிறது.